வழிநடைத் துயில்

‘தூங்குதல்’ என்னும் சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் உறங்குதல் என்பதே. பழந்தமிழில் அச்சொல் தொங்குதலையும் அசைதலையும் குறித்து நின்றது. வானில் தொங்கிய கோட்டையை அழித்தவன் என்று புகழப்பெறும் சோழ மன்னனைப் புலவர்கள் ‘தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன்’ என்றனர். பனையோலையில் கூடு கட்டித் தொங்கவிடும் சிறு பறவையை இன்றும் தூக்கணங்குருவி என்றே அழைக்கின்றோம். உறங்குவதைக் குறிக்கத் துயிலுதல், கண்படுதல் முதலிய சொற்கள் முன்னோரிடம் இருந்தன. அவ்வாறிருக்க, தொங்குதலைக் குறித்த சொல் உறக்கத்தையும் குறிக்க வந்தது எங்ஙனம்? சொல்லாராய்ச்சியில் வல்லவர்கள் இதற்குத் தக்க விடை கூறுவர். என் மனத்திற்குத் தோன்றுவது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பிறந்தவருள் மிகப் பலர் முதன்முதல் ஆழ்ந்து உறங்கிய இடம் கட்டிலும் அன்று, பாயும் அன்று, தாயின் பழஞ்சேலையில் கட்டிய தூளியே ஆகும். தொங்கியபடியே உறங்கப் பழகியவர்கள் நாம். ஆதலால் தொங்கலும் உறக்கமும் நம் நாவில் ஒன்றாயின போலும்!

தூளியைச் சில ஊர்களில் ஏணை என்பர். அதற்கு வேண்டுவன மிகச் சில. பலமுறை துவைத்து மென்மை பெற்ற பருத்திச் சேலை ஒன்று. வலிய கயிறு ஒன்று. தாங்கிப் பிடிக்க ஓர் உத்தரமோ மரக்கிளையோ ஒன்று. சேலையின் இரு தலைப்புகளையும் மேலே சேர்த்து முடிந்தால், குழந்தையின் உடலுக்கு ஏற்ற குழிவு கீழே தானே அமைகின்றது. துணி மூடிக்கொண்டு முகத்தை மறைக்காதபடி, மேற்புறத்தில் குறுக்கே ஒரு தொட்டிற்கம்பைச் செருகி விரித்து வைப்பார்கள். நடவு வயலுக்குச் செல்லும் தாய், வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிக் குழந்தையை அதில் இடுவாள். ஒரு கண்ணை நாற்றிலும் மற்றொரு கண்ணைத் தூளியிலும் வைத்து வேலை செய்வாள். எறும்பும் தேளும் ஊர்வது தரையில். தூளி இருப்பதோ தரைக்கு மேலே. கோடையில் தரை கொதிக்கும். தூளியின் அடியிலோ காற்று உலவும். ஏழையின் கைக்கு எட்டிய பொருள்களைக் கொண்டே அமைந்த படுக்கை இது.

நாம் குழந்தைக்கு அமைத்த இத்தொங்கு படுக்கையைப் பெரியவர்களுக்கும் உரியதாக்கியவர்கள் அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஆவர். 1492ஆம் ஆண்டில் கொலம்பசு கரீபியக் கடற்பகுதியின் தீவுகளை அடைந்தபோது, அங்குள்ளோர் பருத்தி வலை போன்ற படுக்கைகளில் உறங்குவதைக் கண்டு குறித்து வைத்தார். பின்னர் அப்படுக்கை கப்பலேறியது. 1597ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கடற்படை அதனைத் தன் மாலுமிகளுக்கு உரிய படுக்கையாக ஏற்றுக்கொண்டது. அலையால் கப்பல் ஒருபுறம் சாயும்போது, கட்டிலிற் படுத்தவன் உருண்டு கீழே விழுவான். தொங்கு படுக்கையில் கிடப்பவனோ கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் தன் நிலை தவறான். பகலில் அதனைச் சுருட்டி வைத்துவிடலாம், இடமும் மிச்சமாகும்.

இக்காலத்தில் அத்தொங்கு படுக்கை மீண்டும் காட்டு வழிக்கு வந்துள்ளது. அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைத்தொடரை ஒட்டி ஒரு நடைவழி உண்டு. பென்டன் மெக்கே என்பார் 1921ஆம் ஆண்டில் அதற்கான திட்டத்தை வெளியிட்டார். 1937ஆம் ஆண்டில் வழி முழுமை பெற்றது. பதினான்கு மாநிலங்களை ஊடுருவிச் செல்லும் அதன் நீளம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். முழுவதையும் நடந்து கடக்க ஐந்து அல்லது ஆறு திங்கள் ஆகும். அத்தனை நாளும் படுக்கையைத் தோளிலேயே சுமக்க வேண்டும் அன்றோ? அதனால் கைப்பிடியில் அடங்கும் மெல்லிய நைலான் துணியை எடுத்துச் சென்று, இரவில் இரண்டு மரங்களுக்கு இடையே கட்டி உறங்குவோர் பலர். கல்லும் வேரும் நிறைந்த சரிவில் சமமான இடம் தேடி அவர்கள் அலைய வேண்டுவதில்லை. இரண்டு மரங்கள் இருந்தால் போதும், வீடு அமைந்துவிடும்.

நெடுவழி நடத்தல் நமக்குப் புதியதன்று. தைப்பூசத்திற்குக் காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களிலிருந்து பழனிக்கு நடந்து செல்வோரைக் காண்கின்றோம். சித்திரைத் தேருக்குச் சமயபுரம் நோக்கிப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் நடந்து வருகின்றனர். ஊர்தி இல்லாத பழங்காலத்தில் வணிகனும் புலவனும் துறவியும் நடந்தே நாட்டை அளந்தனர். நடப்பவனுக்கு உணவும் நீரும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை உறக்கம் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். வழிதோறும் சத்திரங்கள் எழுந்தன. தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. 1689 முதல் 1706 வரை நாயக்கர் அரசை நடத்திய இராணி மங்கம்மாள், சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்தமையால் இன்றும் மக்கள் வாயில் வாழ்கின்றார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, சித்திரைத் தேரை ஒட்டித் துறையூரிலிருந்து சமயபுரத்திற்கு நடந்த ஒரு கூட்டத்துடன் நானும் சென்றேன். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வழி அது. வெயிலுக்கு அஞ்சி மாலையிற் புறப்பட்டோம். எங்களுடன் ஓர் இளந்தம்பதியர் ஆறு திங்கள் நிரம்பிய தங்கள் ஆண் குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தனர். நெடுநாள் பிள்ளையின்றி வருந்தி, வேண்டிக்கொண்டு பெற்ற குழந்தை அது. சமயபுரத்தில் கரும்புத் தொட்டில் எடுப்பதாக அவர்கள் நேர்ந்திருந்தனர். அக்குழந்தையின் பாட்டியும் உடன் வந்தார். தூளிக்கு உரிய சேலையும் தொட்டிற்கம்பும் அம்மூதாட்டியின் மூட்டையில் இருந்தன.

இரவில் ஒரு மண்டபத்தில் சிறிது நேரம் கண்ணயர்ந்தோம். விடியுமுன் எழுந்து மீண்டும் நடந்தோம். கதிரவன் எழுந்து நான்கு நாழிகை ஆகும் வரையில் நடை இனிதாகவே இருந்தது. பின்னர் நிழலற்ற ஒரு நீண்ட பகுதி வந்தது. சாலையை அகலப்படுத்தும்போது இரு மருங்கிலும் நின்ற புளிய மரங்களை வெட்டியிருந்தனர். அடிமரங்கள் மட்டும் ஆங்காங்கே தட்டையாகக் கிடந்தன. கரிய சாலையிலிருந்து எழுந்த வெப்பம் முகத்தில் அறைந்தது. இரவெல்லாம் தோளில் குலுங்கி வந்த குழந்தை சரியாக உறங்கவில்லை. அது முதலில் ஓயாமல் அழுதது. பின்னர் அழுகையும் ஓய்ந்து, வாடிய கீரைபோல் தந்தையின் தோளில் துவண்டு கிடந்தது. தாய் பாலூட்ட முயன்றாள். குழந்தை வாய் வைக்கவில்லை. குடையும் முந்தானையும் கொண்டு மறைத்தும் வெம்மை தணியவில்லை. “ஒரு மரம் இருந்தால் போதுமே! ஒரே ஒரு கிளை இருந்தால் போதுமே!” என்று பாட்டி புலம்பிக்கொண்டே நடந்தார். கையில் பணம் இருந்தது. மூட்டையில் உணவு இருந்தது. தூளிச் சேலையும் இருந்தது. அதனைக் கட்டுவதற்கு ஒரு கிளை இல்லை! அவ்வொரு மணி நேரத்தில் எங்களுள் யாரும் பேசவில்லை. ஒவ்வொருவர் கண்ணும் வழியின் முன்னே பசுமையைத் தேடியது.

திருவெள்ளறையை நெருங்கியதும் அப்பசுமை தென்பட்டது. திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். வெண்ணிறப் பாறைமீது கோயில் அமைந்தமையால் வெள்ளறை என்னும் பெயர் வந்தது. சாலையை விட்டு விலகியதும் வேப்ப மரங்கள் சில நின்றன. பாட்டி மூட்டையை அவிழ்த்த வேகத்தை நான் என்றும் மறவேன். கிளையைக் கையால் இழுத்துப் பார்த்தார், கயிற்றை வீசினார், சேலையை முடிந்தார், கம்பைச் செருகினார். ஈரத்துணியால் உடலைத் துடைத்துக் குழந்தையைத் தூளியில் இட்டனர். தாய் அருகில் அமர்ந்து மெல்ல ஆட்டினாள். வேப்பிலைகளின் ஊடே வந்த காற்று தூளியின் அடியில் புகுந்து சென்றது. சிறிது நேரத்தில் குழந்தையின் மூச்சு சீராயிற்று. ஒரு மணி நேரம் உறங்கியபின் அது விழித்துச் சிணுங்கிப் பாலுக்கு வாய் திறந்தது. தந்தை அப்போதுதான் தரையில் அமர்ந்தார்.

எங்களுடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர் மலைநடையிற் பழக்கம் உடையவர். அவர் தம் பையிலிருந்து நைலான் தொங்கு படுக்கை ஒன்றை எடுத்து, இரண்டு வேம்புகளுக்கு இடையே கட்டத் தொடங்கினார். அதுகண்ட பாட்டி, “தம்பி, சன்னக் கயிறு மரத்தை அறுத்துவிடும். மரத்துக்கும் தோல் உண்டு அல்லவா? துணியை மடித்து வைத்துக் கட்டு” என்றார். அவரும் தம் துண்டை மடித்து வைத்துக் கட்டினார். என்னை நோக்கி, “ஐயா, முதலில் நீங்கள் படுங்கள்” என்று வற்புறுத்தினார். நான் ஏறிப் படுத்தேன். உடல் வில்லைப்போல் வளைந்தது. பாட்டி நகைத்து, “நேராகப் படுத்தால் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் கோணலாகப் படுங்கள், முதுகு நிமிரும். எத்தனை பிள்ளைகளைத் தூளியில் இட்டிருப்பேன், எனக்குத் தெரியாதா?” என்றார். தலையை ஒருபுறமும் காலை மறுபுறமும் ஒதுக்கிக் குறுக்குச் சாய்வாகக் கிடந்தேன். என்ன வியப்பு! முதுகு நிமிர்ந்தது, துணி சமமான மெத்தையாயிற்று. அமெரிக்க நெடுவழியில் நடப்போர் கையாளும் முறையும் இதுவே. மரப்பட்டை புண்படாதபடி அகன்ற பட்டைகளால் கட்ட வேண்டும் என்று அவர்கள் விதி வகுத்துள்ளதும் உண்டு. எழுத்தறியாத நம் பாட்டிமார் அவ்விரண்டையும் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

மாணவர் கயிற்றை இறுக்கிக் கட்டாமல் தொய்வாக விட்டிருந்தார். அதன் காரணத்தை அவர் விளக்கியது உங்கள் பாடத்திற்கும் பயன்படும். கயிறு கிடைக்கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கக் கயிறும் படுத்திருப்பவரின் முழு எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்கும். கயிற்றை விறைப்பாக இழுத்துச் சாய்வை 10 பாகையாகக் குறைத்தால், அவ்விழுவிசை எடையைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு ஆகிவிடும். விறைப்பாகக் கட்டிய கயிறு அறும், மரமும் வருந்தும். தொய்வு தளர்ச்சியன்று, தாங்கும் வலிமை அதனால்தான் மிகுகின்றது.

நான் அங்கே இரண்டு மணி நேரம் உறங்கினேன். அவ்வளவு இனிய உறக்கத்தை மெத்தைமீதும் பெற்றதில்லை. மேலே இலைகளின் சலசலப்பு; கீழே தவழும் காற்று; உடலில் மெல்லிய அசைவு. குளிர்மிக்க மலைகளில் இந்தக் கீழ்க்காற்றே பகையாகும். உடலின் வெப்பத்தை அது கவர்ந்து செல்வதால், அங்குள்ளோர் படுக்கையின் அடியிலும் ஒரு போர்வையைக் கட்டுவர். சோழநாட்டுச் சித்திரையிலோ அக்காற்று பெருந்துணை. அசைவு உறக்கத்தைத் தருவதும் வெறும் நம்பிக்கையன்று. 2011ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து ஆய்வாளர்கள் பன்னிரண்டு ஆடவர்களைப் பிற்பகலில் 45 நிமிடம் உறங்கச் செய்து பார்த்தனர். அசையாத படுக்கையிலும் மெல்ல ஆடும் படுக்கையிலும் அவர்கள் உறங்கினர். ஆடும் படுக்கையில் விரைவாக உறக்கம் வந்தது. அவ்வுறக்கம் ஆழமாகவும் இருந்தது. தூளியை ஆட்டும் தாயின் கை நெடுங்காலமாகச் செய்துவரும் ஆய்வுக்கு அது ஒரு சான்று எனலாம்.

வெயில் தாழ்ந்தபின், அவ்வூரில் உள்ள புகழ்பெற்ற கிணற்றைக் காணச் சென்றோம். சுவத்திக வடிவில் அமைந்த அதற்கு நான்கு புறமும் படிக்கட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மூலையில் திரும்பிக் கீழே இறங்குகின்றது. ஆதலால் ஒரு படிக்கட்டில் நீராடுவோரை மற்றொன்றில் நிற்போர் காண இயலாது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் இதனை முடித்தவன், ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த கம்பன் அரையன். கி.பி. 800ஐ ஒட்டிய காலம் அது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது அதற்கு இட்ட பெயர். அங்குள்ள கல்வெட்டுப் பாடல், மூப்பு வந்து தளர்த்துமுன் உண்டது போக எஞ்சியதைப் பிறருக்குப் பயன்பட வைக்குமாறு அறிவுறுத்துகின்றது. கல்லில் எழுதியதோடு அமையாது, அறிவுரைக்கு அருகிலேயே அதன் செயல்வடிவத்தையும் நிறுத்திச் சென்றான் அவன். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கடந்தும் அக்கிணறு நிற்கின்றது.

படியில் அமர்ந்திருந்தபோது பெரியாழ்வாரின் நினைவு வந்தது. கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடி அவனைத் தொட்டிலில் இட்டு மகிழ்ந்தவர் அவர். இத்திருவெள்ளறைப் பெருமானையும் விளையாடும் குழந்தையாகவே எண்ணி, அந்திப் பொழுதாயிற்று, காப்பிட வா என்று தாயின் குரலில் அழைத்துப் பாடினார். உலகைக் காப்பவனுக்கும் காப்பிட விரைவது தாயுள்ளம். வெயிலில் துவண்ட மகவைக் கண்டு பாட்டி ஒரு கிளைக்காக ஏங்கியதும் அதே உள்ளந்தான்.

மாலையிற் புறப்பட்டு மண்ணச்சநல்லூர் வழியே சமயபுரம் சேர்ந்தோம். மறுநாட்காலையில் தம்பதியர் தங்கள் நேர்த்தியை நிறைவேற்றினர். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றில் மஞ்சள் தோய்த்த சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டனர். அதில் குழந்தையை இட்டு, முன்னே தந்தையும் பின்னே தாயும் தோள்கொடுத்துக் கோயிலைச் சுற்றி வந்தனர். அங்கே அவர்களைப்போல் எத்தனையோ தொட்டில்கள்! மரத்தில் கட்டிய தூளியை நேற்றுக் கண்டேன். மனிதத் தோளில் கட்டிய தூளியை இன்று கண்டேன். சாலை இல்லாத மலையூர்களில் நோயாளியையும் கருவுற்ற பெண்ணையும் இதேபோல் கம்பில் தூளி கட்டிச் சுமந்து வரும் செய்தியும் நினைவிற்கு வந்தது. மரம் தாங்காத இடத்தில் மனிதன் தாங்க வேண்டியிருக்கின்றது. இரண்டும் தாங்காத இடத்தில் உயிர் என்ன ஆகும்?

அகன்ற சாலைகள் நாட்டுக்கு வேண்டும். நோயாளியை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்லும் ஊர்தியும், விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியும் அவற்றின்மீதே ஓடுகின்றன. ஆயினும் சாலை என்பது ஓடுபவர்க்கு மட்டும் உரியதன்று, நடப்பவர்க்கும் உரியது. ஊர்தியில் செல்பவன் நிழலைச் சில நொடிகளில் கடந்துவிடுகின்றான். நடப்பவனுக்கோ ஒவ்வொரு நிழலும் ஒரு சத்திரம். ஒரு மரத்தை வெட்ட ஒரு பகல் போதும். அது மீண்டும் ஒரு தூளியைத் தாங்கும் கிளையோடு வளரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே வெட்டுவதற்கு முன்னரே, அம்மரத்தின் பணியை ஏற்கும் கன்றுகளைச் சற்று விலகிய இடத்தில் நட்டு வளர்ப்பது அறிவுடைமையாகும்.

கம்பன் அரையன் வழிப்போக்கர்க்கு நீர் வைத்தான். மங்கம்மாள் தங்குமிடம் வைத்தார். நாம் எல்லோரும் கிணறு வெட்டவும் சத்திரம் கட்டவும் இயலாது. ஆயினும் ஒரு வேப்பங்கன்றை நட்டு, ஆடு மாடு கடிக்காமல் வேலியிட்டு, இரண்டு கோடைக்கு நீரூற்றுவது யாருக்கும் அரிய செயலன்று. மாணவர்களே, இன்று நீங்கள் வழியோரத்தில் நடும் கன்று, நீங்கள் தாயும் தந்தையும் ஆகும் நாளில் கிளை பரப்பி நிற்கும். அன்று அவ்வழியே நடந்து வரும் முகமறியாத் தாய் ஒருத்தி அண்ணாந்து பார்ப்பாள். கிளையைக் கையால் இழுத்துப் பார்ப்பாள். பின்னர் அச்சமின்றிச் சேலையை முடிவாள். நட்டவர் பெயரை அவள் அறியாள். அவள் குழந்தை உறங்கும்.